மூத்த பூனையின் நீரிழிவு



பத்து வயதைக் கடந்த பூனை அடிக்கடி நீர் அருந்துகிறது. நன்றாக உண்டும் மெலிகிறது. இதனை மூப்பென்று விட்டுவிடுவோர் பலர். குதிகால் நிலத்திற் படும்படி பின்னங்கால் தாழ்ந்து நடக்குமாயின், நீரிழிவு நெடுநாள் கவனிக்கப்படாதிருந்தது எனக் கொள்ளலாம்.

மிருக வைத்தியரிடம் செல்லும் அச்சத்தினாலேயே பூனையின் குருதியிற் சீனி ஏறிவிடும். ஆதலின் அவர் ஒரே சோதனையை நம்பி முடிவு செய்யமாட்டார்.

வழக்கமான சிகிச்சை, 12 மணி நேரத்திற்கு ஒருமுறை தோலின் கீழ் ஏற்றும் இன்சுலின். ஊசிக்குப் பூனை அஞ்சுவதிலும் நாமே மிகுதியாக அஞ்சுகிறோம்! உண்மையில் அஞ்சவேண்டியது அளவுப் பிழைக்கே. மில்லிலீற்றருக்கு 100 அலகுள்ள மருந்தை, 40 அலகு மருந்துக்குரிய ஊசிக்குழாயில் எடுத்தால், இரண்டரை மடங்கு மருந்து உட்சென்றுவிடும். அன்று பூனை உண்ண மறுத்தாலோ, வைத்தியரைக் கேளாமல் ஊசி ஏற்றலாகாது.

தள்ளாட்டமும் நடுக்கமும் கண்டால் சீனி மிகத் தாழ்ந்திருக்கலாம். தேனை ஈறுகளிற் சிறிது தடவி, உடனே வைத்தியரிடம் கொண்டு செல்க. மயங்கிக் கிடக்கும் பூனையின் வாயில் எதனையும் ஊற்றற்க.

சோற்றைக் குறைத்து மீனும் இறைச்சியும் கொடுப்பது நன்று. ஆயினும் உணவு மாறினால் இன்சுலின் தேவையும் குறையும். வைத்தியருக்கு அறிவித்தே மாற்றுக.

காலத்தோடு சிகிச்சை பெற்ற சில பூனைகள் சில மாதங்களில் ஊசியின்றியே வாழத் தொடங்குகின்றன. அப்பொழுதும் தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு கண் இருக்கட்டும்; நோய் மீளவும் வரலாம்.