குருத்தில் விழும் முதற் காயம்

இலங்கையின் கிழக்கே, நிலாவெளியிலிருந்து குச்சவெளி நோக்கி நீளும் மணற்பாங்கான கரையோரத்தில் தென்னையோ பனையோ பட்டுப்போகும்போது உப்புக்காற்றையும் வறட்சியையும் குறை கூறுவது எளிது. ஆனால் அவ்விரண்டையும் தாங்கிப் பழகிய இம்மரங்கள் மடிவதற்குப் பெரும்பாலும் வேறொரு தொடக்கம் உண்டு. அத்தொடக்கம் பல வேளைகளில் வட்டின் நடுவே, குருத்தில், ஒரு வண்டு துளைக்கும் காயமாக அமைகிறது.

அவ்வண்டு காண்டாமிருக வண்டு எனப்படுவதாகும். ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் நீளமும், பளபளக்கும் கருநிறமும், தலையில் ஒரு கொம்பும் உடைய அது, இரவில் பறந்துவந்து மட்டைகளின் இடுக்கால் உட்புகுந்து, விரியாத குருத்தோலையை மென்று சாற்றை உறிஞ்சுகிறது. மென்ற தும்பு துளைவாயிலில் ஈரச் சக்கையாகத் தள்ளப்பட்டிருக்கும். மடிந்திருக்கும் குருத்தில் விழுந்த ஒரே துளை, பின்னர் தென்னோலை விரியும்போது இருபுறமும் கத்தரித்தாற்போன்ற முக்கோண வெட்டுகளாக வெளிப்படுவதால், ஓலையில் அடையாளத்தைக் காணும் நாளில் வண்டு அவ்விடத்தை விட்டு அகன்றிருக்கவும் கூடும்.

இக்காயம் மட்டும் வளர்ந்த மரத்தைக் கொல்வது அரிது. ஆனால் பனைக் குடும்பத்து மரங்களுக்கு, மாவுக்கும் வேம்புக்கும் உள்ளதுபோல, தண்டின் காயத்தைப் புதிய பட்டையால் மூடும் வளர்படை இல்லை. தென்னைக்கும் பனைக்கும் வளரும் முனையும் ஒன்றே. திறந்தபடி கிடக்கும் அக்காயத்தின் மணத்தை நாடிச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிட, அதன் புழுக்கள் உயிருள்ள இழையத்தைக் குடைந்து உள்ளே செல்கின்றன. மரத்தில் காதை வைத்தால் கறும்பும் ஒலி கேட்பதும், துளையிலிருந்து பழுப்பு நிறச் சாறு கசிவதும் அந்நிலையின் அறிகுறிகள். அதே காயத்தின் வழியே குருத்தழுகல் நோயும் புகக்கூடும். அதற்குக் காரணமான பைற்றொப்தோரா, பங்கசைப் போல இழையாக வளர்ந்தாலும் உண்மைப் பங்கசு அன்று. ஈரத்தில் நீந்தும் வித்திகளால் பரவும் நுண்ணங்கியாகும். ஆந்திராவின் கோதாவரிப் பகுதியில் பனைகளை அழித்துவந்த இந்நுண்ணங்கியை ஈ. ஜே. பட்லர் 1907ஆம் ஆண்டு முதன்முதலில் விவரித்தார்.

முதலில் ஒரு பூச்சி, பின்னர் ஒரு நோய் என்ற இவ்வரிசை வெப்ப நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்கக் காடுகளின் பீச் மரங்களில் (பழம் தரும் பீச் அன்று) ஒரு செதிற்பூச்சி பட்டையிலிருந்து சாற்றை உறிஞ்சி நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்க, அவற்றினூடே புகும் பங்கசு பட்டையைக் கொல்கிறது. அப்பூச்சி 1890ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவிலிருந்து கனடாவின் ஹலிபாக்ஸ் துறைமுகத்தை அடைந்ததாகக் கருதப்படுகிறது.

காண்டாமிருக வண்டின் பலவீனம் அதன் பிறப்பிடத்தில் உள்ளது. வண்டே உயிருள்ள மரத்தைத் தாக்கும். அதன் வெண்ணிறப் புழுவோ எருக்கும்பியிலும், உக்கிய தென்னை, பனைக் குத்திகளிலும் சில மாதங்கள் வளரும். போர்க்காலத்தில் காப்பரண்களுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை வீழ்த்திய மரங்களும் அகற்றப்படாது உக்கிய இடங்கள் அதற்கு ஏற்ற இருப்பிடங்களாகும். ஆதலால் ஒரு வளவில் வண்டைக் கொக்கிக் கம்பியால் குத்தியெடுப்பதும், மட்டையிடுக்கில் மணலும் வேப்பம் பிண்ணாக்கும் இடுவதும் பயன்தந்தாலும், அயல் வளவில் உக்கும் குத்தி கிடக்கும்வரை அவை அரைகுறை வேலையே. கும்பியைச் சில கிழமைகளுக்கு ஒருமுறை கிளறிக் கோழிகளை விடுவதும், புழுவைக் கொல்லும் மெற்றாரைசியம் என்ற பச்சைப் பங்கசைக் கும்பியில் கலப்பதும் நஞ்சு தெளிப்பதைவிடப் பொருத்தமானவை.

இவ்வண்டு இலங்கையிலிருந்து ஏற்றுமதியானதும் உண்டு. 1909ஆம் ஆண்டு இங்கிருந்து இறப்பர் நாற்றுகளுடன் சமோவாவை அடைந்த அது, பசிபிக் தீவுகள் பலவற்றின் தென்னைகளைச் சிதைத்தது. 1963இல் மலேசியாவில் கண்டறியப்பட்ட ஒரு வைரசை 1967இல் சமோவாவில் பரப்பிய பின்னரே அங்கு சேதம் தணிந்தது. 2007இல் குவாம் தீவில் தோன்றிய, இவ்வண்டின் வேறொரு வகையோ அவ்வைரசுக்கும் அடங்கவில்லை.

நாற்றுகளின் பயணத்தால் வரும் ஆபத்தை இலங்கை இப்போது தன் தெற்கிலேயே எதிர்கொள்கிறது. 2006ஆம் ஆண்டளவில் மாத்தறை மாவட்டத்தின் வெலிகமைப் பகுதியில் கவனத்துக்கு வந்த தென்னை ஓலை வாடல் நோய், கலச்சுவர் அற்றதும் மரத்தின் சாற்றுக் குழாய்களில் வாழ்வதுமான பைற்றோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் உண்டாவது. அது மரத்தை உடனே கொல்லாது காய்ப்பை மெல்லக் குறைப்பதால், உரிமையாளர்கள் நோயுற்ற மரத்தைத் தறிக்கத் தயங்குகின்றனர். நோயுற்ற மரங்களை அகற்றுவதும், அங்கிருந்து தென்னங்கன்றுகள் வெளியேறுவதைத் தடுப்பதுமே அதற்கெதிரான முதன்மை நடவடிக்கைகள். கடற்கரை விடுதிகளுக்காக வளர்ந்த மரங்களை வேரோடு பெயர்த்து லொறியில் கொண்டுவரும் வழக்கம் நிலாவெளியில் பெருகுமாயின், அத்தடை எவ்வளவு தூரம் கைக்கொள்ளப்படுகிறது என்பது இக்கரையிலேயே தெரியவரும்.