புழக்கடையில் ஒரு ரோலர் கோஸ்டர்

வேலை முடிந்து வீடு திரும்புகிறீர்கள். பின்கட்டில் பலகையும் குழாயும் குவிந்து கிடக்கின்றன. "அப்பா, பள்ளிக்கூடத்து அறிவியல் பாடத்துக்கு ரோலர் கோஸ்டர் கட்டப் போகிறேன். தம்பியை உட்கார வைத்து ஓட்டலாம்" என்கிறான் மூத்தவன். அவனை விரட்டவும் வேண்டாம். உடனே சம்மதிக்கவும் வேண்டாம். விஷயத்தை முதலில் தெரிந்து கொள்வோம்.

இந்த ஆசை புதிதன்று. 1884-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோனித் தீவில் தாம்சன் என்பவர் இத்தகைய பாதையொன்றை அமைத்தார். அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர்தான். சைக்கிளே அதை முந்திவிடும். 2001-இல் இந்தியானா மாநிலத்தின் புரூஸ்வில் என்ற சிற்றூரில் ஒருவர் தம் வீட்டுப் பின்புறத்திலேயே ஒற்றை இருக்கை வண்டி ஓடும் பாதையைக் கட்டினார்.

ஓடும் வண்டியில் இயந்திரம் இல்லை. மேட்டின் உச்சிக்கு ஏற்றிவிட்டால் போதும். பிறகு பூமி இழுத்துக்கொள்கிறது. உயரத்தில் சேர்ந்த ஆற்றல், இறங்கும்போது வேகமாக மாறுகிறது. அடுத்த மேட்டில் அந்த வேகம் மறுபடி உயரமாக மாறுகிறது. ஆனால் நிறைந்த பால் வாளியைத் தூக்கி நடந்தால் வழியில் கொஞ்சம் சிந்துகிறதல்லவா? அதுபோல உராய்வினால் ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாகவும் ஓசையாகவும் போய்விடுகிறது. ஆகவே இரண்டாவது மேடு முதல் மேட்டைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும்.

இதை ஒரு கோலிக்குண்டினால் மெய்ப்பிக்கலாம். தடித்த அட்டையைக் கீற்றுகளாக வெட்டி, இரு ஓரங்களையும் மடித்து நிறுத்துங்கள். ஓரங்களில் இடையிடையே வெட்டுப் போட்டால் எளிதாக வளையும். முதல் மேடு 60 சென்டிமீட்டர், இரண்டாவதும் 60. குண்டை மெல்ல விடுங்கள், அது ஏறாது. இரண்டாவது மேட்டை ஐந்து ஐந்து சென்டிமீட்டராகக் குறையுங்கள். எந்த உயரத்தில் தாண்டுகிறதோ அதைப் பையன் நோட்டில் எழுதட்டும். அதுவே அவனுடைய ஆராய்ச்சி.

இனி தம்பியின் பேச்சுக்கு வருவோம். இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய கூரை விளிம்பு உயரத்திலிருந்து, இறங்கும் வண்டி அடியில் மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். பிள்ளை மெலிந்தவன் என்பதால் வேகம் குறையாது. அந்த வேகத்தை அரை மீட்டருக்குள் நிறுத்தினால், உடல் எடையைப்போல் ஐந்து மடங்கு விசை அவனைத் தாக்கும். ஐந்து மீட்டர் ஓடி நிற்கவிட்டால், விசை எடையில் பாதிதான். ஏறுவதைவிட நிறுத்துவதே பெரிய கலை!

சக்கரங்களிலும் சூட்சுமம் உண்டு. தண்டவாளத்தின் மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடியில் ஒன்று என மூவகைச் சக்கரங்கள் வண்டியைப் பற்றிப் பிடிக்கின்றன. அடிச்சக்கர முறைக்கு ஜான் மில்லர் 1919-இல் காப்புரிமை பெற்றார். அது இல்லாவிட்டால் மேட்டு உச்சியில் வண்டி எகிறிவிடும். பலகையில் நான்கு சக்கரம் பொருத்தியவுடன் அது ரோலர் கோஸ்டர் ஆகிவிடாது.

எனவே பெற்றோர்களே, மகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: "கட்டு ஐயா, கோலிக்குண்டுக்குக் கட்டு. தம்பி குண்டை விடட்டும். நீ அளந்து எழுது." இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். குண்டு ஏன் ஏறவில்லை என்று கேளுங்கள். பிள்ளை விளக்கத் தொடங்கினால், பாடம் புத்தகத்தைவிட்டு அவன் மனத்துக்குள் இறங்கிவிட்டது என்று அறியலாம்.