சிறு சில்லும் பெரும் படமும்

(ஸ்ரீவராகம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் பட்டம் பெற்றவரல்லோம். பத்தாம் வகுப்பும் இரயில்வேயின் சரக்குக் கணக்குமே நம் கல்வி. இன்றைய பொருளுக்கு அக்கணக்கே போதும்.

நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலர் அர்டுயினோ ஊனோ என்னும் சிறு பலகையைக் கொண்டு நாடகத்தை முழு எச்.டி. வீடியோவாகப் பதிய முயன்றனர். இயலாமற் போகவே, தமக்கு அறிவு போதாதென்று சோர்ந்தனர். குறை அவர்களிடத்தில் அன்று என்பதை எடுத்துரைப்பது நம் கடமையாகும்.

முழு எச்.டி. படம் ஒன்றில் 1920க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள் உள. புள்ளிக்கு மூன்று பைட் எனின், படம் ஒன்றுக்கு 62,20,800 பைட். வினாடிக்கு 30 படங்கள் எனின், 18,66,24,000 பைட்! ஊனோவின் நினைவகமோ 2,048 பைட். படத்தின் ஒரு வரிக்கே 5,760 பைட் வேண்டுமே! வினாடிக்கு 1.6 கோடித் துடிப்புடைய அச்சில்லு, 6.2 கோடிப் புள்ளிகளை எங்ஙனம் ஏற்கும்? சிற்றூர் நிலையத்துக் கிடங்கில் துறைமுகச் சரக்கை இறக்குவது போலாம் அது.

இ.எஸ்.பி.32 சில்லின் 520 கிலோபைட் நினைவகமும் ஒரு படத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கையே கொள்ளும். சுருக்கிப் பதியலாமே எனின், 2003இல் வந்த எச்.264 முறை முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, மாறிய பகுதியையே குறிப்பது. ஒப்பிடவும் முந்தைய படம் நினைவில் நிற்க வேண்டுமன்றோ! ஆதலின் அப்பணிக்கெனத் தனி உறுப்பு வேண்டும். 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை பலகையில் அவ்வுறுப்பு அமைந்திருந்தது.

நம் நகரத்துத் தும்பாவைக் காண்மின். அங்குள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய நிலா மோதுகலம், சந்திரயான்-1இலிருந்து பிரிந்து, 2008 நவம்பர் 14 அன்று நிலவில் வீழ்ந்தது. வீழும்போது எடுத்த படங்களைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாது, தாய்க்கலத்திற்கு அனுப்பிற்று. சேமித்தலும் புவிக்கு அனுப்பலும் தாய்க்கலத்தின் பணி. அத்திட்டத்தின் இயக்குநர் தமிழரான மயில்சாமி அண்ணாதுரை அவர்கள்.

பிள்ளைகளே! சிறு சில்லு விளக்கேற்றவும் காமிராவைத் திருப்பவும் வல்லது. அதனை அப்பணிக்கு வைத்து, பதிவைத் தக்க பலகைக்கு விடுமின். பெற்றோரே! பொருள் வாங்குமுன் கணக்கிடக் கற்பியுங்கள். தோற்ற பிள்ளையைப் பழியாதீர்கள். அடுத்த ஆண்டு நாடகத்தை அவர்களே பதிவார்கள் என நம்புகிறோம்.