மதம் வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டா?

(சங்கத்தின் மும்பைக் கிளை உறுப்பினர் கூட்டத்தில், வங்கியில் சட்ட அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற அன்பர் ஆற்றிய உரை)



"சட்டத்தைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் கோர்ட்டில் பேசுவது போல் வேண்டாம்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே எங்கள் வீட்டில் நடந்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பேரனைப் பள்ளியில் சேர்க்க விண்ணப்பம் பூர்த்தி செய்தார்கள். 'மதம்' என்ற கட்டத்தில் என் பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நித்தியம் சந்தியாவந்தனம் நடக்கிற வீட்டில் இப்படியா என்று இரைந்தேன். மாட்டுப்பெண் நிதானமாக, "அப்பா, இப்படி எழுதலாமா கூடாதா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ. முப்பது வருஷம் சட்டம் பார்த்தவர் நீங்கள்தானே" என்றாள். அன்று ராத்திரியே அரசியல் சாசனப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். நான் எதிர்பார்த்த பதில் அதில் இல்லை.

25-ஆவது ஷரத்து மத சுதந்திரத்தைத் தருகிறது என்று நாம் எல்லோரும் அறிவோம். மதத்தை ஏற்கவும், கடைப்பிடிக்கவும், பரப்பவும் உரிமை உண்டு. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு அது உட்பட்டது. ஆனால் அந்த ஷரத்து மதத்தைச் சொல்வதற்கு முன்பே 'மனசாட்சிச் சுதந்திரம்' என்ற சொல்லை வைத்திருக்கிறது. மனசாட்சி பக்திமானுக்கு மட்டும் உள்ளதல்லவே! 28-ஆவது ஷரத்தையும் பாருங்கள். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிலையத்தில் நடக்கும் மத போதனையிலும் வழிபாட்டிலும் கலந்துகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. சம்மதம் வேண்டும். மைனராக இருந்தால் காப்பாளரின் சம்மதம் வேண்டும். ஜனாதிபதி கூட பதவி ஏற்கும்போது கடவுள் பெயரால் பிரமாணம் செய்யலாம். இல்லையென்றால் உளமார உறுதி கூறலாம். இரண்டுக்கும் மதிப்பு ஒன்றுதான்.

இதெல்லாம் தற்செயலாக வந்ததல்ல. 1949 அக்டோபர் 17-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் முகவுரை விவாதத்துக்கு வந்தது. எச்.வி. காமத் என்ற அங்கத்தினர், அது 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என ஒரு திருத்தம் கொண்டுவந்தார். எதிர்த்தவர்களில் ஒருவர் திருவிதாங்கூர்த் தலைவர் பட்டம் தாணுப் பிள்ளை. அவர் நாத்திகர் அல்ல. கடவுளை நம்பவும் நம்பாமலிருக்கவும் மனிதனுக்கு உரிமை உண்டு, இந்தத் திருத்தம் நம்பிக்கை விஷயத்தில் கட்டாயம் ஆகிவிடும் என்பது அவர் வாதம். ஓட்டெடுப்பில் ஆதரவு 41, எதிர்ப்பு 68. திருத்தம் தோற்றது. பக்தர்கள் நிறைந்திருந்த சபை அப்படி முடிவு செய்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

நம் ஊர் ஹைகோர்ட்டுக்கே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. தாங்கள் எந்த மதத்தையும் சேர்ந்தவர்கள் அல்ல என்று கெஜட்டில் பதிவு செய்யச் சிலர் கேட்டார்கள். அரசு அச்சகம் மறுத்தது. 2014 செப்டம்பரில் பம்பாய் ஹைகோர்ட் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. எந்த மதமும் இல்லை என்று சொல்வதும் 25-ஆவது ஷரத்தின் கீழ் வரும் உரிமையே. மதத்தைச் சொல்லியே தீர வேண்டும் என்று எந்த அரசு அதிகாரியும் வற்புறுத்த முடியாது என்று நீதிபதிகள் கூறினார்கள்.

ஆக, என் மாட்டுப்பெண் எழுதியது செல்லும். ஆனால் விஷயம் இத்துடன் முடிந்துவிடவில்லை. படிவத்தில் மதம் இல்லை என்று எழுதலாமே தவிர, கல்யாணத்திலும் சொத்திலும் மதம் அவ்வளவு சுலபமாக நம்மை விடுவதில்லை. 1872-இல் பிரம்ம சமாஜத்தாரின் முயற்சியால் ஒரு விவாகச் சட்டம் வந்தது. அதன்படி மணக்க விரும்பியவர்கள், தாங்கள் இந்துவும் அல்ல, கிறிஸ்தவரும் அல்ல என்று இப்படி வரிசையாக எல்லா மதத்தையும் மறுத்துக் கையெழுத்துப் போட வேண்டும்! நம்பிக்கை உள்ளவரும் இல்லை என்று பொய் சொல்ல நேர்ந்தது. 1954-ஆம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டத்தில்தான் அந்த நிபந்தனை அடியோடு போயிற்று.

இந்து விவாகச் சட்டமோ நேர் எதிர். இந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர் வேறு மதத்துக்கு மாறாத வரையில், "எனக்கு நம்பிக்கையே இல்லை" என்று எத்தனை முறை சொன்னாலும், அந்தச் சட்டம் அவரையும் சேர்த்துக்கொள்கிறது. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து நம்பிக்கையை விட்டுவிட்ட ஒரு கேரளப் பெண், வாரிசுரிமையில் தமக்கு ஷரியத் வேண்டாம், 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் போதும் என்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2024-இல் கோர்ட் அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. மனசாட்சிக்குத் தந்த சுதந்திரம் சொத்துப் பத்திரம் வரை வருமா என்பதுதான் அங்கே கேள்வி.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மதத்திலிருந்து விலகியிருக்கும் உரிமை, பிறருடைய மதம் கண்ணில் படக் கூடாது என்ற உரிமை ஆகாது. பக்கத்துத் தெருவில் ராம நவமி உத்சவம் நடந்தால், அங்கே போகாமலிருக்க ஒருவருக்கு உரிமை உண்டு. அதை நிறுத்தச் சொல்ல, தனக்கு நம்பிக்கை இல்லை என்ற காரணம் மட்டும் போதாது.

நம்மில் சிலருக்கு இதெல்லாம் கசப்பாக இருக்கலாம். எனக்கும் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் காலையில் ஜலத்தை எடுத்து அர்க்கியம் விடும்போது எந்த சர்க்காரும் குறுக்கே வர முடியாது என்று எந்தச் சொல் என்னைக் காக்கிறதோ, அதே சொல்தான் என் பிள்ளையையும் காக்கிறது. அவனுக்கு இல்லை என்று அதை அடித்துவிட்டால் எனக்கும் சேர்ந்து போய்விடும். அதிலும், மாட்டேன் என்று சொல்ல வழியே இல்லாமல் செய்கிற அனுஷ்டானத்துக்கு என்ன மதிப்பு?

மறுநாள் காலை மாட்டுப்பெண்ணிடம், "எழுதலாம் அம்மா. சட்டம் உன் பக்கம்தான்" என்றேன். "அப்போ உங்களுக்கு வருத்தமில்லையா அப்பா?" என்று கேட்டாள். "வருத்தம் இருக்கிறது. அதற்குச் சட்டத்தில் இடமில்லை" என்றேன். இருவருமே சிரித்துவிட்டோம்.

பேரன் நான் ஜபம் செய்யும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்ப்பான். அவன் கேட்டால் சொல்லிக் கொடுப்பேன் என்று அவன் அப்பா அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்கள். அவன் கேட்கும் வரை காத்திருக்கிறேன்.