இரண்டு ஓட்டுப் போட்ட தேவிகுளம்

(குமுளிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிறதா என்று கேட்டால், "இருந்து என்ன ஆகப்போகிறது?" என்கிறோம். அப்படிக் கேட்கிறவர்கள் பழைய தேவிகுளம் தொகுதியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நமது குமுளி பீர்மேடு தாலுகா, வடக்கே தேவிகுளம். இரண்டும் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தவை. தேவிகுளத்தில் தமிழர்களே பெரும்பான்மை. அதைத் தமிழகத்தோடு இணைக்கக் கேட்டு 1954-ல் நேசமணி மூணாறில் கைதானார். அதே ஆண்டு ஆகஸ்ட் 11-ல் தெற்கே போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-ல் தெற்குத் தாலுகாக்கள் நான்கும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. தோட்டத் தொழிலாளி வந்து போகிறவன் என்ற வாதம் அன்று எடுபட்டது.

வந்து போகிறவன் என்றவர்களே அடுத்த ஆண்டு அவனிடம் ஓட்டுக் கேட்டு வந்தார்கள்! 1957 தேர்தலில் தேவிகுளம் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஓர் இடம் பொது, ஓர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கு. ஆளுக்கு இரண்டு ஓட்டு. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி. இரண்டு ஓட்டையும் ஒரே ஆளுக்குப் போட முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார் சின்னம் பார்த்துச் சரியாகப் போட்டார்கள்.

பொது இடத்தில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். எதிராளி பி.கே. நாயரின் மனுவைத் தவறாகத் தள்ளியதால் அந்தத் தேர்தல் செல்லாமல் போனது. 1958 இடைத்தேர்தலில் மாநிலமே தேவிகுளத்தைப் பார்த்தது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடினார். தம்பி இளையராஜாவும் கூட வந்தார். ரோசம்மா மீண்டும் வென்றார். அந்த வெற்றியைத் தந்தது லயத்து ஓட்டு.

1961-ல் சட்டம் போட்டு இரட்டைத் தொகுதிகளை ஒழித்தார்கள். பின்னர் தேவிகுளம் ஒரே உறுப்பினருள்ள தனித்தொகுதி ஆயிற்று.

அந்தப் பழைய வாதம் செத்துவிட்டதா? இல்லை. 2021-ல் அங்கே வென்ற அ. ராஜாவின் தேர்தலை உயர்நீதிமன்றம் 2023-ல் ரத்துச் செய்தது. உச்சநீதிமன்றம் 2025-ல் அதை மாற்றி அவர் வெற்றியை ஏற்றது. மதத்தைப் பற்றிய கேள்வியோடு, குடும்பம் 1950-க்கு முன்பே இங்கு குடியேறியதா என்பதும் அந்த வழக்கில் அலசப்பட்டது. சட்டசபை உறுப்பினருக்கே இந்தக் கேள்வி என்றால், சாதிச் சான்றிதழுக்கு அலையும் நம் பிள்ளைகள் எம்மாத்திரம்?

ஆகவே தாய்மார்களே, தாத்தா காலத்து எஸ்டேட் சீட்டு, பழைய ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் எதையும் அடுப்பில் போடாதீர்கள். பதினெட்டு முடிந்த பிள்ளையின் பேரைப் பட்டியலில் சேருங்கள். எல்லைக் கோட்டை நம்மைக் கேட்டு யாரும் போடவில்லை. ஓட்டை மட்டும் நம்மிடம்தான் கேட்டாக வேண்டும். அதைக் கைவிடாதிருப்போம்.