நெய்யாற்றின் தலைமாட்டில் ஒரு செடி



பூவார் பொழியில் நெய்யாறு கடலில் சேருவதைக் குளத்தூர்க்காரர் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தத் தண்ணீர் புறப்படுகிற இடம் அகத்திய மலை. மேற்கே நமக்கு நெய்யாற்றையும், கிழக்கே திருநெல்வேலிக்குத் தாமிரபரணியையும் தருகிற பொதிகை. 1956 நவம்பர் 1-ல் பிறந்த தமிழ்நாடு-கேரள மாநில எல்லை அந்த மலைமேலும் போகிறது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருப்பவர்கள் காணிக்காரர்கள் என்னும் பழங்குடி மக்கள். அவர்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து கிடக்கும், நம் வீட்டுத் திண்ணைப் பேச்சு மாதிரியே.

1987-ல் ஆராய்ச்சியாளர் சிலர் அந்த மலை ஏறினார்கள். வழிகாட்டக் காணிக்காரர்கள் கூடப் போனார்கள். படித்தவர்களுக்கு மூச்சு இரைத்தது. வழிகாட்டிகளுக்குக் களைப்பே இல்லை. ஏதோ ஒரு சின்னக் காயை மென்றுகொண்டே நடந்தார்கள். என்ன காய் என்று கேட்டால் பதில் இல்லை. வெளியாருக்குச் சொல்லக்கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. பலமுறை கேட்ட பிறகு, நம்பி, செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

பாலோட்டில் இருக்கும் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையம் அதனோடு வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. மருந்து செய்யும் உரிமைக்குக் கிடைத்த தொகையிலும், விற்பனையில் வரும் 2 சதவீதத்திலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவானது. அதற்காக 1997-ல் அவர்கள் பெயரில் ஓர் அறக்கட்டளை வந்தது. பழங்குடிகளின் அறிவுக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்று 1992-ல் ரியோவில் உலக நாடுகள் எழுதி வைத்ததை, முதன்முதலில் செய்து காட்டிய இடங்களில் ஒன்று நம் ஆற்றின் தலைமாடு. இதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

பணம் எல்லாக் குடிகளுக்கும் ஒன்றுபோலப் போய்ச் சேரவில்லை என்ற வருத்தமும் உண்டு. அதைவிட என் மனதைப் பிடித்து உலுக்கியது வேறொரு செய்தி. அந்தச் செடியை மலைக்கு வெளியே கொண்டுபோய் நட்டால் வளர்கிறது. ஆனால் மருந்துக்கு வேண்டிய சத்து அதே அளவில் இலையில் ஏறுவதில்லை. அந்த நிழல் வேண்டும், அந்த ஈரம் வேண்டும், அந்த மண் வேண்டும்.

செடிக்கே இப்படி என்றால் மனிதனின் அறிவுக்கு? காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று காணிக்காரரைக் கீழே இறக்கிவிட்டால், அவர் பேரனுக்கு அந்தக் காயின் பெயர் எதற்கு? பெயர் போனபின் காலடியில் கிடந்தாலும் அது வெறும் களைதான், மிதித்துவிட்டுப் போவான்.

மலையை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? நம் பனையைப் பாருங்கள். ஆண்மரம் அலகுப்பனை, பெண்மரம் பருவப்பனை என்று தூரத்திலிருந்தே பிரித்துச் சொன்ன கண்கள் இந்த ஊரில் இருந்தன. பாளை, சில்லாட்டை, கருக்குமட்டை, குருத்தோலை, நொங்கு, தவுண், கிழங்கு, அக்கானி, கருப்பட்டி. ஒரு மரத்துக்கு இத்தனை சொல்! ஆண்பாளையை இடுக்கிப் பதப்படுத்தும் கடிப்பை இங்கே எத்தனை பிள்ளைகள் தொட்டிருக்கிறீர்கள்? ஏறுகிற ஆள் இல்லாத பனை செங்கல் சூளைக்கு விறகாகப் போகிறது. சூளைக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏறியவரை நாம் மதித்தோமா? அவர் பிள்ளைக்குப் பெண் கொடுக்கத் தயங்கினோமே!

ஆகவே ஒன்று கேட்கிறேன். இந்த நூலகத்தில் ஒரு தடித்த நோட்டு வாங்கி வையுங்கள். பிள்ளைகளே, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பாட்டியோடு விளைக்குள் நடங்கள். அவர் காட்டும் ஒவ்வொரு செடிக்கும் அவர் சொல்லும் பெயரை, அவர் சொல்லுகிற மாதிரியே எழுதுங்கள். தமிழா மலையாளமா என்று திருத்த வேண்டாம். பனை ஏறிய தாத்தா யாராவது இருந்தால் இங்கே அழைத்து வாருங்கள். அவருக்கு இந்த மேடையில் நாற்காலி போடுவோம்; நான் கீழே உட்கார்ந்து எழுதிக்கொள்ளுகிறேன்.