துணிக்கு மேல் வைத்துக் கேட்டால் போதுமா?

(நம் அறக்கட்டளையின் இலவச மருத்துவ முகாமில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். ஒரே விஷயம்தான் பேசப்போகிறேன். டாக்டர் உங்கள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கிறாரே, அதைப் பற்றி.

பல வருடங்களுக்கு முன் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஐந்து மாத கர்ப்பிணிப் பெண் மாமியாரோடு வந்தார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ராத்திரி படுத்தால் இருமல் என்றார். புர்காவோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் தயக்கம், எனக்கும் தயக்கம். துணிக்கு மேலேயே, முன்பக்கம் இரண்டு இடத்தில் வைத்துக் கேட்டேன். வீசிங் மாதிரி இருந்தது. இளைப்புதான் என்று சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தேன். "மாசமா இருந்தா எல்லாருக்கும் மூச்சு வாங்கத்தானே செய்யும்" என்று மாமியாரும் சொன்னார். இரண்டு வாரம் கழித்து நடு இரவில் மூச்சு முட்டி, நுரையாகச் சளி தள்ளி, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எக்கோ எடுத்துப் பார்த்தால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிக் கிடக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், பலூன் மூலம் வால்வை விரித்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் முதல் நாளே கண்டுபிடித்திருக்க வேண்டியவன் நான்.

அந்த வால்வு எப்படிச் சுருங்கியது? சின்ன வயதில் வந்த தொண்டை வலியில் தொடங்கியது. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண் வந்து, சில வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். இன்று முழங்கால், நாளை கணுக்கால் என்று வலி இடம் மாறும். இது ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு சரியாகிவிடும், வால்வில் தழும்பு தங்கிவிடும். வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாது. கர்ப்பத்தில் உடம்பின் ரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. குறுகின வாசல் வழியே அவ்வளவு ரத்தமும் போக முடியாமல் பின்னால் நுரையீரலில் தேங்கும். அதுதான் அந்த இருமல்.

இந்த நோயின் சத்தம் மிகத் தாழ்வானது, தூரத்தில் இடி உருளுவது போல. இடது மார்புக்குக் கீழே, நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கேட்டால்தான் நன்றாகக் கிடைக்கும். துணி உரசினால் அது காணாமல் போகும், அல்லது இல்லாத சத்தம் இருப்பது போலத் தோன்றும். நுரையீரலின் கீழ்ப்பகுதியோ பெரும்பாலும் முதுகுப் பக்கம்தான் இருக்கிறது. முன்னால் மட்டும் கேட்டுவிட்டு "நெஞ்சு கிளியர்" என்று சொல்லும் டாக்டரிடம், "முதுகிலும் பாருங்கள்" என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். தர்பூசணி வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதுபோல விரலால் முதுகைத் தட்டியும் பார்ப்பார்கள். உள்ளே நீர் கோத்திருந்தால் சத்தம் மந்தமாகும்.

ஒரு வேடிக்கை பாருங்கள். இந்த ஸ்டெதாஸ்கோப் பிறந்ததே கூச்சத்தால்தான். அதற்கு முன் மருத்துவர்கள் நோயாளியின் நெஞ்சில் நேராகக் காதை வைத்துக் கேட்பார்கள். 1816இல் பாரிஸ் நகரத்தில் லென்னக் என்ற மருத்துவரிடம் இதய நோயோடு ஓர் இளம்பெண் வந்தார். காதை வைப்பது முறையல்ல என்று நினைத்த அவர், காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி ஒரு முனையை நெஞ்சிலும் மறு முனையைக் காதிலும் வைத்தார். காது வைத்துக் கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்டதாம்! பிறகு மரத்தில் குழாய் செய்துகொண்டார். பெண்ணின் கண்ணியத்துக்காக வந்த கருவி இது. அதை வைத்துக்கொண்டும் கூச்சத்தால் நோயைத் தவற விட்டேனே என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

ஹயாவை விடச் சொல்லி நான் பேச வரவில்லை. பெண் டாக்டரைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் நர்ஸோ, உம்மாவோ, கணவரோ கூட இருக்கட்டும். திரை போடச் சொல்லுங்கள். முன்னால் பட்டன் வைத்த உடுப்பு போட்டு வந்தால் மேலே போர்த்திக்கொண்டே ஸ்டெதாஸ்கோப்பை உள்ளே வைக்கலாம். தேவையான இடத்துக்கு மேல் எதையும் விலக்க வேண்டியதில்லை. சிறு வயதில் மூட்டு வீங்கிப் படுத்தீர்களா என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மூன்று வாரத்துக்கொரு முறை பென்சிலின் ஊசி போடும் பிள்ளைகள் இருந்தால், "இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்" என்று நிறுத்திவிடாதீர்கள். கலியாணப் பேச்சில் தெரிந்துவிடுமோ என்று மறைத்து நிறுத்திய வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. இருமல், சளி என்றால் சட்டையைத் தூக்கி, பிள்ளை அழாதபோது, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, அதற்கு மேல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவோ அதற்கு மேலோ வந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

பக்கத்து அறையில் திரை போட்டு, பெண் மருத்துவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மூச்சு வாங்குகிறவர்கள், கர்ப்பிணிகள் முதலில் போகலாம்.